முழங்கால் ஒத்துழைக்கவில்லை, கடைசி நான்கு கிலோ பாக்கி: எந்த வழி யாருக்கு?

"ஏனுங்கக்கா, நடையும் நின்னு போச்சு. இறங்குன எடை மறுபடி ஏறிக்குமாட்ட இருக்குதுங்க. என்னுங்க பண்றது?"

கோவை ரேஸ்கோர்ஸில் கூட நடக்கிற ஒரு பெண் போன வாரம் கேட்டது இது. கணுக்காலில் சுளுக்கு, ஆறு வாரம் நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு இதே இடத்தில் நான் நின்றேன். ஈரமான வாசற்படியில் கால் திரும்பி, வலது முழங்கால் ஜவ்வு பாதி கிழிந்திருந்தது. 71 கிலோவிலிருந்து 63க்கு நடந்தே இறங்கியிருந்தேன். 59க்குப் போக வேண்டும் என்று இருந்த நேரத்தில் கால் போய்விட்டது. அப்போது ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்: நீந்து, சைக்கிள் வாங்கு, ராத்திரி சாப்பாட்டை விடு, ஊசி போட்டுக்கொள், ஒன்றும் செய்யாமல் படு. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குச் சரியான வழிதான். அந்த யாரோ ஒருவர் நாமா என்பதுதான் கேள்வி.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, அந்த நான்கு கிலோ உண்மையிலேயே இறங்க வேண்டியதா? இந்தியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 23ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 25ஐத் தாண்டினால் உடல் பருமன் என்று கொள்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் என்பது எல்லை. என் உயரம் 160 சென்டிமீட்டர். 63 கிலோவில் பிஎம்ஐ 24.6, 59 கிலோவில் 23. ஆகவே எனக்குக் காரணம் இருந்தது. பழைய ரவிக்கை பொருந்த வேண்டும் என்பதற்காக மட்டும் இறக்க நினைப்பவர், இரண்டு எண்ணும் எல்லைக்குள் இருந்தால், காயம் ஆறும்வரை இந்தக் கட்டுரையின் கடைசி வழியை எடுத்துக்கொண்டால் போதும்.

மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு வேறு ஒரு காரணமும் உண்டு. எடை கூடிய, மூட்டு தேய்ந்த முதியவர்களை வைத்து அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 2005இல் வந்தது. உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மேல் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று அதில் கண்டார்கள். அப்படிப் பார்த்தால் நான்கு கிலோ என்பது மூட்டுக்குப் பதினாறு கிலோ.

இனி அளவுகோல்கள். ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் நான் பார்த்தவை இவை:

- காயம் பட்ட இடத்தைத் தொந்தரவு செய்யுமா?
- தசையைக் காப்பாற்றுமா, கரைத்துவிடுமா?
- உண்மையில் எத்தனை கலோரி?
- பணம், நேரம், வீட்டில் மற்றவர் தலையில் விழும் வேலை எவ்வளவு?
- கால் சரியான பிறகும் தொடர முடியுமா?

மூன்றாவதற்கு ஒரு கணக்கு வேண்டும். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. நான்கு கிலோவுக்கு 30,800. ஒரு மணி நேரம் சாதாரண வேகத்தில் நடந்தால் என் எடைக்குச் சுமார் 220 கலோரி. சும்மா உட்கார்ந்திருந்தாலும் அதில் ஒரு பங்கு செலவாகியிருக்கும், அதைக் கழித்தால் நடையின் நிகரப் பங்கு 150க்குப் பக்கம். தினம் காலை ஐந்தரைக்கு எழுந்து நடந்ததெல்லாம் இவ்வளவுதானா என்று அன்றைக்கு மனசு வாடிப்போனது. பிறகுதான் அதே கணக்கு ஆறுதலாகவும் தெரிந்தது: 150 கலோரி என்பது கால் இல்லாமலும் ஈடுகட்டக்கூடிய தொகை.

இன்னொன்று. கடைசிக் கிலோக்கள் மெதுவாகத்தான் இறங்கும். உடம்பு சிறிதாகும்போது அதற்குத் தேவைப்படும் உணவும் குறைகிறது. 71 கிலோவில் எடையை இறக்கிய அதே சாப்பாடு 63 கிலோவில் சமநிலைச் சாப்பாடு ஆகிவிடுகிறது.

## வழி 1: தட்டில் குறைப்பது

என் தேர்வு இதுதான், கூடவே இரண்டாவது வழியும். அதனால் இங்கே கொஞ்சம் அதிகம் சொல்கிறேன்.

காயத்துக்கு இதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. தினம் 300 கலோரி குறைத்தால் 30,800ஐக் கடக்க 103 நாள், அதாவது மூன்றரை மாதம். அதற்கு மேல் வேகம் வேண்டாம். காயம் ஆறுகிற உடம்புக்குக் கட்டுமானப் பொருள் தேவை, பட்டினி போட்டால் தசையையே உடைத்து எடுத்துக்கொள்ளும்.

300ஐ எங்கே குறைப்பது? எல்லாரும் முதலில் சோற்றில்தான் கை வைக்கிறார்கள். நான் எண்ணெய் பாட்டிலிலிருந்து தொடங்கினேன். எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மாதம் நான்கு லிட்டர் ஆகிக்கொண்டிருந்தது. ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 370 கலோரி எண்ணெயாக மட்டும் உள்ளே போயிருக்கிறது. மாதம் இரண்டரை லிட்டருக்கு மேல் வாங்குவதில்லை என்று வைத்தோம். ஆளுக்குத் தினம் 140 கலோரி குறைந்தது. என் ஒரு மணி நேர நடைக்கு ஏறக்குறைய ஈடு. தாளிக்கும்போது பாட்டிலைச் சாய்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றுவது, பூரி, வடையை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுவது, இவ்வளவுதான் செய்தது. சமையலில் கூடுதல் வேலை ஒன்றும் இல்லை. கால் முடியாதபோது அத்தைதான் சமைத்தார், அவர் தலையில் தனிச் சமையல் என்று ஒன்றை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

அடுத்தது மாலை நாலரை மணி. வீட்டில் உட்கார்ந்திருந்தால் வாய் தேடும். பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸும் பேக்கரி தேங்காய் பன்னும் வாங்கி வருவார்கள், அன்பாகக் கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஐம்பது கிராம் முறுக்கு சுமார் 250 கலோரி. இரண்டு கரண்டிச் சர்க்கரையோடு மூன்று காபி குடித்தால் சர்க்கரை மட்டும் 120. நான் சர்க்கரையைப் பாதியாக்கினேன், முறுக்கு டப்பாவை மேல் அலமாரிக்கு மாற்றச் சொன்னேன். ஊன்றுகோலோடு எட்டாது.

சோற்றைக் கொஞ்சம் குறைத்தேன், நிறுத்தவில்லை. வெந்த சோறு நூறு கிராமுக்கு 130 கலோரி, அது ஒன்றும் விஷமில்லை. ஆனால் தட்டில் சோறு குறைந்த இடத்தில் எது வந்தது என்பது முக்கியம். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொல்லிவைத்தார்கள். கொள்ளு கொழுப்பைக் கரைக்கிறது என்று நான் சொல்லவில்லை. நூறு கிராம் கொள்ளில் 22 கிராம் புரதம் இருக்கிறது, வயிறு நிறைந்து நிற்கிறது. அதனால் அது இந்த வேலைக்கு உதவுகிறது. கொள்ளுப் பருப்பு கடைந்து சோற்றில் பிசைந்து சாப்பிடுவது எங்கள் பக்கம் புதிதும் இல்லை.

புரதம்தான் இந்த வழியில் கவனம் தேவைப்படுகிற இடம். சாதாரணத் தேவை உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. எனக்கு 52 கிராம். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு காயத்தையும் ஆற்ற வேண்டும் என்றால் கிலோவுக்கு 1.2 கிராமுக்குக் குறையாமல் பார்க்கச் சொன்னார் பிசியோ. என் இட்லி, சாம்பார், ரசம், தயிர் எல்லாம் கூட்டிப் பார்த்தால் 40 கிராமைத் தாண்டவில்லை. இரண்டு முட்டையில் 12, ஐம்பது கிராம் கொள்ளில் 11, முப்பது கிராம் மீல்மேக்கரில் 15 கிராம் சேர்ந்த பிறகுதான் கணக்கு நேரானது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதை மருத்துவரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

மறைந்த செலவு: பொறுமை. முதல் வாரத்தில் ஒன்றரைக் கிலோ இறங்கினாலும் அதில் பெரும்பகுதி தண்ணீர். மூன்றாவது வாரம் முள் அசையாது. அங்கேதான் பலரும் விடுகிறார்கள்.

## வழி 2: உட்கார்ந்தும் படுத்தும் செய்யும் தசைப் பயிற்சி

கலோரிக்காக இதைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான். அரை மணி நேரத்துக்கு நிகரமாக 75 கலோரி கூடத் தேறாது. ஆனால் இதன் வேலையே வேறு.

ஆரோக்கியமான இளைஞர்களின் ஒரு காலை இரண்டு வாரம் அசையாமல் கட்டி வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. தொடைத் தசையின் பருமன் எட்டு சதவீதம் அளவுக்குக் குறைந்தது, வலுவோ இருபது சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. இரண்டே வாரம்! மாவுக்கட்டுப் பிரித்த காலைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும், ஒரு கால் மட்டும் குச்சியாக இருக்கும். அந்த நேரத்தில் சாப்பாட்டையும் குறைத்தால் தராசில் இறங்குவது கொழுப்பா தசையா என்று சொல்ல முடியாது. தசை போய் இறங்கிய நான்கு கிலோ வெற்றி அல்ல. நாளைக்கு அந்தக் கால்தான் நம்மைத் தாங்க வேண்டும்.

நான் செய்தவை எளியவை. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கி ஐந்து எண்ணி விடுவது. காலை நேராக வைத்துப் படுத்தபடி தூக்குவது. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கிலோ டம்பெல்லைத் தலைக்கு மேல் தள்ளுவது. ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுப்பது. நல்ல காலுக்கும் பயிற்சி கொடுக்கச் சொன்னார் பிசியோ. ஒரு காலுக்குக் கொடுக்கும் பயிற்சியால் மறு காலின் வலுவும் ஓரளவு தங்கும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. நரம்பின் வழியாக நடக்கும் வேலை அது.

செலவு குறைவு, பட்டைக்குச் சில நூறு ரூபாய். பிசியோ கட்டணம்தான் கூடும், ஆனால் இரண்டு மூன்று முறையாவது நேரில் கற்றுக்கொள்ளாமல் கைப்பேசியைப் பார்த்துச் செய்ய வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக் கூடாது. ஊன்றுகோல் பிடித்துத் தோள் ஏற்கெனவே வலிக்கிறது என்றால் தோள் பயிற்சியைத் தள்ளிவையுங்கள்.

## வழி 3: தண்ணீர்

இடுப்பளவு தண்ணீரில் நின்றால் காலில் விழும் பாரம் பாதியாகிறது. மார்பளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. மூட்டுக்காரர்களுக்கு இதைவிடக் கனிவான இடம் இல்லை. அரை மணி நேரம் நிதானமாக நீந்தினால் நிகரமாக 150 கலோரி, மார்பளவுத் தண்ணீரில் நடந்தால் 100க்குப் பக்கம்.

மறைந்த செலவுகள் இங்கேதான் அதிகம். குளத்துக் கட்டணத்தைவிட ஆட்டோ கூலி கூடலாம், கால் முடியாதவர் வண்டி ஓட்ட முடியாது அல்லவா. பெண்களுக்குத் தனி நேரம் இருக்கிறதா, குளத்துக்குள் இறங்கப் படியா வெறும் ஏணியா, உடை மாற்றும் அறைத் தரை வழுக்குமா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஏற்கெனவே விழுந்த கால் ஈரத் தரையில் இன்னொரு முறை விழக் கூடாது. தையல் போட்ட புண் முழுக்க மூடும்வரை இறங்கவே வேண்டாம். முழங்கால் ஜவ்வில் அடிபட்டவர்கள் தவளை நீச்சலைத் தவிர்க்க வேண்டும், அந்த உதை முழங்காலின் உட்பக்கத்தை இழுக்கும். குளிர்ந்த தண்ணீரிலிருந்து ஏறினால் பசி பிய்த்துத் தின்னும். வாசலில் பஜ்ஜிக் கடை இருந்தால் 150 கலோரி அங்கேயே திரும்பி வந்துவிடும், கையில் ஒரு வாழைப்பழமோ சுண்டலோ கொண்டுபோங்கள்.

நீச்சல் தெரிந்தவர், பக்கத்தில் குளம் உள்ளவர், குதிகால் வலியோ மூட்டுத் தேய்மானமோ உள்ளவர்: இவர்களுக்கு இதுவே முதல் வழி.

## வழி 4: நின்ற இடத்துச் சைக்கிள்

குதிகால் வலிக்காரர்களுக்கு நல்லது. முழங்கால் காயத்தில், பெடல் முழுச் சுற்று சுற்ற முழங்கால் ஏறக்குறைய 110 பாகை மடங்க வேண்டும். அதுவரை மடங்காத காலை வைத்து முயன்றால் இடுப்பைத் தூக்கித் தூக்கி மிதிக்க நேரும், முதுகு பிடித்துக்கொள்ளும். இருக்கை தாழ்வாக இருந்தால் முழங்கால் சிப்பிக்குப் பின்னால் அழுத்தம் ஏறும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் இலேசாக மட்டும் மடங்கியிருக்கும்படி உயர்த்திக்கொள்ள வேண்டும்.

அரை மணி நேரத்துக்கு நிகரமாக 115 கலோரி அளவு. விலை எட்டாயிரம், பத்தாயிரம் என்று தொடங்கும். வாங்குவதற்கு முன் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், பிசியோ நிலையத்திலேயே இருந்தால் இன்னும் நல்லது.

## வழி 5: நேரம் குறித்து உண்பது

எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்து, மீதி பதினாறு மணி நேரம் ஒன்றும் உண்ணாமல் இருப்பது. சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. ஒரே அளவு கலோரிக் குறைப்பில், நேரம் குறித்துச் சாப்பிட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எவ்வளவு என்பதுதான் வேலை செய்கிறது. எப்போது என்பது சிலருக்கு அதற்கு ஒரு வேலி.

இரவு எட்டு மணிக்கு மேல் டிவி முன்னால் கொறிப்பவர்களுக்கு இந்த வேலி நிச்சயம் உதவும். ஆனால் காயம் பட்டவர்களுக்கு ஒரு பெரிய தடை இருக்கிறது: வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன், அசெக்ளோஃபெனாக் போன்றவற்றை வெறும் வயிற்றில் போட்டால் இரைப்பை புண்ணாகலாம். காலை ஏழு மணிக்கு மாத்திரை, பதினொரு மணிக்குத்தான் முதல் உணவு என்பது நடக்கவே கூடாது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். வலி மாத்திரை நின்ற பிறகு யோசிக்க வேண்டிய வழி இது. வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் ஒரே வேளை இரவுதான் என்றால், அதை இழப்பதும் ஒரு செலவுதான்.

ஊசியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பசியைக் குறைத்து எடையை இறக்கும் ஊசிகளான மவுஞ்சாரோ, வீகோவி இரண்டும் 2025இல் இந்தியாவுக்கு வந்தன. எடைக்காக என்றால், பிஎம்ஐ 30க்கு மேல், அல்லது 27க்கு மேல் கூடவே எடை சார்ந்த வேறு நோயும் உள்ளவர்களுக்கான மருந்து அவை. கடைசி நான்கு கிலோவுக்கு அல்ல.

## வழி 6: இருக்கிற எடையைப் பிடித்துவைப்பது

இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. ஆனால் எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை என்றால் முதல் ஆறு எட்டு வாரத்துக்கு இதுதான் சரி. உடம்பு எலும்பைக் கூட்டும் நேரத்தில் அதன் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்குப் பசியும் நீர்த் தேக்கமும் கூடும், தராசு பொய் சொல்லும். அந்த நாட்களில் எண்ணைப் பார்த்து அழுவதில் பொருளில்லை.

பிடித்துவைப்பது சும்மா இருப்பதும் அல்ல. நடை நின்று சாப்பாடு அப்படியே இருந்தால், தினம் 150 வீதம் மாதத்துக்கு அரைக் கிலோ ஏறும். ஆகவே அந்த 150ஐ மட்டும் எண்ணெயிலோ சர்க்கரையிலோ எடுத்துவிட்டு, புரதத்தைக் குறைக்காமல் இருக்க வேண்டும். எலும்பு கூடுவதற்கு என்று ஆட்டுக்கால் சூப் கொடுப்பார்கள். தாராளமாகக் குடியுங்கள், ஆறவைத்து மேலே படியும் கொழுப்பை எடுத்துவிட்டு.

## ஒரே பார்வையில்

| வழி | தினசரி நிகரக் கலோரி | தசைக்கு | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|
| தட்டு | 250–300 | தனியாகச் செய்தால் இழப்பு | புரதம், மூன்றாவது வாரச் சோர்வு |
| தசைப் பயிற்சி (30 நிமிடம்) | 75 | மிக நல்லது | முதலில் நேரில் கற்க வேண்டும் |
| தண்ணீர் (30 நிமிடம்) | 100–150 | ஓரளவு | வழுக்கல், ஆட்டோ கூலி, பசி |
| சைக்கிள் (30 நிமிடம்) | 115 | தொடைக்கு நல்லது | முழங்கால் மடக்கம், இருக்கை உயரம் |
| நேரம் குறித்து உண்பது | எதை விடுகிறோமோ அது | இல்லை | வலி மாத்திரை, சர்க்கரை நோய் |
| பிடித்துவைப்பது | ஏறாமல் இருந்தால் போதும் | பயிற்சி சேர்த்தால் நல்லது | அப்போதும் 150 குறைக்க வேண்டும் |

கணுக்கால் சுளுக்குக்காரிக்கு நான் சொன்னது: முதல் இரண்டு வாரம் ஆறாவது வழி, வீக்கம் வடிந்ததும் தட்டும் தசைப் பயிற்சியும். அவளுக்கு நீச்சல் தெரியும், வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் குளம் இருக்கிறது, அதனால் நான்காவது வாரத்தில் மருத்துவர் சரியென்றால் தண்ணீர். எனக்கு நீச்சல் தெரியாது, அதனால் தட்டும் ரப்பர் பட்டையும் மட்டும்தான். பதினான்கு வாரத்தில் 63லிருந்து 60க்கு வந்தேன். மீதி ஒரு கிலோ இறங்க இன்னும் இரண்டு மாதம் ஆனது.

எந்த வழியில் இருந்தாலும் முழங்கால் மடங்காமல் பூட்டிக்கொண்டால், வீக்கம் திடீரென்று கூடினால், கெண்டைக்கால் சிவந்து சூடாகி வலித்தால், எடைக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அசையாமல் இருக்கும் காலில் ரத்தம் உறையலாம், அதற்குக் காத்திருக்க நேரம் கிடையாது.

நடை திரும்பியபோது இரண்டரை கிலோமீட்டர் கொண்ட ரேஸ்கோர்ஸ் சுற்றில் பாதியைத்தான் முதல் மாதம் நடந்தேன். எண்ணெய் மாதம் இரண்டரை லிட்டரிலேயே நிற்கிறது.